ஒரு குரலும் இரு பெயரும்

பெயர் என்பது ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்தறிதற்கு உலகம் கண்ட முதற் கருவியாகும். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. பள்ளித் தோழர் அழைத்த பெயர் வேறொன்று. கலைத்துறையிற் புகுந்தபின் தாமே புனைந்துகொண்ட பெயர் பிறிதொன்று. இங்ஙனம் ஒருவரே பல பெயர்களைத் தாங்கி வாழ்தல் கலையுலகிற் புதுமையன்று. தமிழிலக்கியம் பயில்வோர் இதனை நன்கறிவர். சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோக, அவர் பாட்டில் அமைந்த அரிய தொடரொன்றே அவருக்குப் பெயராய் நின்றது. குறுந்தொகைப் புலவர் செம்புலப்பெயனீரார் அத்தகையவர். அண்மைக் காலத்தில் ஈழத்துச் சிறுகதையாசிரியர் த. சிவஞானசுந்தரம் 'இலங்கையர்கோன்' ஆனார், கவிஞர் து. உருத்திரமூர்த்தி 'மஹாகவி' ஆனார்.

ஆயின், புனைபெயரால் ஏற்கெனவே அறியப்பட்ட ஒருவர் வேறொரு பணிக்கென இரண்டாவது புனைபெயரொன்றை மேற்கொள்வதும் உண்டு. 'கல்கி' என்னும் பெயரிற் கதைகள் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி, 'ஆனந்த விகடன்' இதழில் இசையையும் நாட்டியத்தையும் விமரிசித்தபோது 'கர்நாடகம்' என்று கையொப்பமிட்டார். சிறுகதையிற் 'புதுமைப்பித்தன்' ஆகிய சொ. விருத்தாசலம், செய்யுள் எழுதும்போது 'வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை' ஆனார். ஒரு முகமூடி இருக்க, அதன்மேல் இன்னொரு முகமூடி எதற்கு? இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற நிகழ்ச்சியொன்று மேனாட்டு றொக் இசை வரலாற்றில் உண்டு. 1973ஆம் ஆண்டில் 'லரி லூரெக்ஸ்' என்னும் பெயருடன் வெளிவந்து, எவராலும் பொருட்படுத்தப்படாது மறைந்த இசைத்தட்டு ஒன்றே அது. அதிற் பாடியவர் பின்னர் 'பிரெடி மேர்க்குரி' என உலகறிந்த பாடகர். இந்திய வழிவந்த பார்சிக் குடும்பமொன்றின் புதல்வர் அவர்.

புல்சாரா என்னும் குடிப்பெயர்

பிரெடி மேர்க்குரியின் இயற்பெயர் பரோக் புல்சாரா. 1946ஆம் ஆண்டு செப்தெம்பர் 5ஆந் திகதி, ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள சன்சிபார்த் தீவிற் பிறந்தார். தந்தையார் பொமி புல்சாரா அங்குப் பிரித்தானிய அரசாங்க சேவையிற் காசாளராகப் பணியாற்றியவர். குஜராத்திலுள்ள புல்சார் என்னும் ஊரின் பெயரே இக்குடும்பத்துக்குக் குடிப்பெயராயிற்று. அவ்வூர் இன்று வல்சாட் என வழங்கும். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேலைக்கரையை வந்தடைந்த சரதுஸ்திர சமயத்தவரே பார்சிகள். கொழும்பிலும் இவ்வினத்தார் சிறு தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். 2001ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை இலங்கையின் நிதி அமைச்சராயிருந்த கே. என். சொக்சி அவர்களும் பார்சி இனத்தவரே.

பரோக் சிறுவனாயிருக்கையிலேயே கடல் கடந்து அனுப்பப்பட்டு, பம்பாய்க்குத் தெற்கே மேற்கு மலைத்தொடரில் அமைந்த பஞ்சகணி என்னும் ஊரிலுள்ள செயின்ற் பீற்றர்ஸ் பாடசாலையின் விடுதியில் வளர்ந்தார். 'பிரெடி' என்னும் பெயர் அங்கே வாய்த்தது. பியானோவும் அங்கேயே பயின்றார். பன்னிரண்டாம் வயதளவிற் பள்ளித் தோழர் நால்வருடன் 'ஹெக்டிக்ஸ்' என்னும் சிறு இசைக்குழுவை அமைத்தபோது, முன்னின்று பாடும் இடம் வேறொரு மாணவனுக்கே உரியதாயிற்று. பிரெடி பியானோவின் பின்னே அமர்ந்தார். எல்விஸ் பிரெஸ்லி, கிளிவ் றிச்சர்ட், லிற்றில் றிச்சர்ட் முதலியோரின் பாடல்களை இச்சிறுவர் தழுவிப் பாடினர். அக்காலத்தில் அகில இந்திய வானொலி சாஸ்திரிய இசைக்கே முதன்மை அளித்தமையால், ஜனரஞ்சக இசையை நாடிய இந்திய நேயர் பலர் கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவையையே நாடினர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

1963இற் சன்சிபாருக்கு மீண்ட பிரெடி அங்கு நெடுநாள் தங்கவில்லை. 1964 சனவரியில் அத்தீவிற் புரட்சி வெடித்தது. புல்சாரா குடும்பம் உடைமைகளை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டு, இலண்டனுக்கு அண்மையிலுள்ள பெல்தம் என்னும் இடத்திற் குடியேறிற்று. பிரெடி ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969இற் பட்டயம் பெற்றார். 'ஐபெக்ஸ்', 'சவர் மில்க் சீ' முதலிய சிறு குழுக்களிற் பாடியபின், 1970இல் கிட்டார்க் கலைஞர் பிறையன் மே, முரசுக் கலைஞர் றொஜர் ரெய்லர் ஆகியோருடன் இணைந்தார். குழுவுக்குக் 'குவீன்' எனப் பெயரிட்டவர் அவரே. தமக்கும் 'மேர்க்குரி' என்னும் பெயரை அக்காலத்திலேயே சூட்டிக்கொண்டார். அடுத்த ஆண்டில் ஜோன் டீக்கன் சேரக் குழு நால்வராய் நிறைவுற்றது.

மேர்க்குரி என்பது உரோமர் வணங்கிய தூதுத் தெய்வத்தின் பெயர். புதன் கோளுக்கும் பாதரசத்துக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதுவே. ஓரிடத்தில் நில்லாது உருண்டோடும் பாதரசத்தின் பெயர், ஆபிரிக்கக் கரையிலிருந்து இந்தியாவுக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் பெயர்ந்த ஒருவருக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

காத்திருப்பில் வந்த வாய்ப்பு

இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில் 'ட்றைடன்ற்' என்னும் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. 1968இல் 'பீற்றில்ஸ்' குழுவினர் தம் புகழ்பெற்ற 'ஹே ஜூட்' பாடலைப் பதிவுசெய்ததும் இங்கேதான். இக்கூடத்தை நடத்தியோர் குவீன் குழுவை 1972இல் ஏற்றுக்கொண்டபோது, அக்குழுவினருக்கு முழுநேரம் வழங்கவில்லை. கட்டணஞ் செலுத்தும் பெரிய கலைஞர்கள் பணி முடித்துச் சென்றபின், கூடம் வெறுமையாய்க் கிடக்கும் வேளைகளிற் பதிவுசெய்துகொள்ளலாம் என்பதே ஏற்பாடு. அத்தகைய வேளைகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு அப்பாலே வாய்த்தன. ஆதலின் முதல் இசைத்தட்டின் பணி நீண்டு சென்றது. காத்திருத்தலே அவர்தம் தொழிலின் பெரும்பகுதியாயிற்று.

அதே கூடத்திற் பணியாற்றிய ஒலிப்பதிவாளர் றொபின் ஜெப்ரி கேபிள், அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்ரர் கையாண்ட 'ஒலிச்சுவர்' என்னும் முறையைத் தாமும் செய்துபார்க்க முனைந்திருந்தார். அம்முயற்சிக்குத் திண்மையான குரலொன்று தேவைப்பட்டது. அருகிற் காத்திருந்த பிரெடியை அவர் அழைத்தார். பிரெடி இசைந்தார். தாளக் கருவிகளுக்கு றொஜர் ரெய்லரும் கிட்டாருக்குப் பிறையன் மேயும் பின்னர்த் துணைவந்தனர். குவீன் குழுவின் நால்வரில் மூவர் குவீன் என்னும் பெயரின்றிப் பங்குகொண்ட பதிவு இங்ஙனம் உருவாயிற்று.

ஒலிச்சுவர் என்பது யாது?

லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் 'கோல்ட் ஸ்ரார்' ஒலிப்பதிவுக்கூடத்தில் 1960களின் முற்பகுதியிற் பில் ஸ்பெக்ரர் வகுத்த முறை இது. ஒரு கிட்டார் வாசிக்க வேண்டிய பகுதியைப் பல கிட்டார்கள் ஒருங்கே வாசிக்கும். பியானோக்களும் ஒன்றுக்கு மேற்பட்டவை. தாளக் கருவிகளும் அங்ஙனமே. சிறிய அறையொன்றில் இவை யாவும் ஒரே நேரத்தில் ஒலிக்க, அவ்வொலியை எதிரொலி அறைக்குச் செலுத்தி, அங்குத் திரண்டு மீளும் ஓசையையும் சேர்த்துப் பதிவர். முடிவிற் கேட்பது இன்ன கருவியின் ஓசை எனப் பிரித்தறிய இயலாத ஒரே பேரொலி. திருவிழாக் காலத்தில் கோயில் மண்டபத்துள் நாதசுரங்கள் பலவும் தவில்கள் பலவும் ஒருங்கே முழங்கும்போது, கருங்கற்றூண்களில் மோதி மீளும் ஓசையும் கலந்து செவியை நிறைப்பதை அறிந்தோர்க்கு இவ்வனுபவம் எளிதில் விளங்கும்.

இத்தகைய ஓசைக்கு நடுவே பாடுவோர் எதிர்கொள்ளும் இடர் பெரிது. குரல் மெலிந்தால் ஓசை அதனை விழுங்கிவிடும். கத்தினால் இனிமை கெடும். சுவரின்மேல் ஏறி நிற்பதுபோலக் குரல் தனித்தும் உயர்ந்தும் நிற்றல் வேண்டும்.

கேபிள் தேர்ந்த பாடல்கள் இரண்டு. முதலாவதாகிய 'ஐ கான் ஹியர் மியூசிக்' என்பதை ஜெவ் பரி, எலி கிறினிச் ஆகியோருடன் ஸ்பெக்ரரும் சேர்ந்து இயற்றினார். 1966இல் 'றொனெற்ஸ்' என்னும் மகளிர் குழுவும், 1969இல் 'பீச் போய்ஸ்' குழுவும் இதனைப் பாடின. இரண்டாவது, ஜெரி கொவின், கறொல் கிங் இருவரும் இயற்றிய 'கோயின் பாக்'. ஆங்கிலப் பாடகி டஸ்ரி ஸ்பிறிங்பீல்ட் 1966இற் பாடிப் புகழ்பெறச் செய்த பாடல் அது. முன்னையது காதல் மகிழ்ச்சியைப் பேசும். பின்னையது கழிந்துபோன சிறுபிராயத்துக்கு மீள விழையும் ஏக்கத்தைப் பேசும். பாடியவர் தாம் பிறந்த தீவை விட்டு நீங்கி ஒன்பது ஆண்டுகள் நிரம்பாத இளைஞர். அத்தீவு அவர் மீண்டுசென்று வாழத்தக்க இடமாகவும் இல்லை. பஞ்சகணியைப் பற்றியோ சன்சிபாரைப் பற்றியோ பிற்காலப் பேட்டிகளில் அதிகம் பேசாத அவரது குரலில் இப்பாடலைக் கேட்போர், ஆரவாரமற்ற மென்மையொன்றை உணரலாம்.

சரிகைப் பெயர்

பதிவு நன்கமைந்தது. ஈ.எம்.ஐ. நிறுவனம் அதனை வெளியிட முன்வந்தது. ஆயின், அதே நிறுவனம் குவீன் குழுவின் முதல் இசைத்தட்டையும் வெளியிட ஆயத்தமாகியிருந்தது. பிறர் இயற்றிய பழைய காதற்பாடலைப் பாடுபவராகப் பிரெடி மேர்க்குரி முதலில் அறிமுகமானால், தாமே இயற்றிய பாடல்களுடன் வரவிருந்த குழுவின் தோற்றம் குழம்பிப்போகும். எனவே புதிய பெயரொன்று வேண்டியிருந்தது.

அந்நாளில் இங்கிலாந்தில் 'கிளாம் றொக்' என்னும் ஒப்பனைமிகு இசைப்பாணி மேலோங்கியிருந்தது. ஆடவர் பளபளக்கும் ஆடையுடுத்தி, உயர்ந்த அடிகொண்ட சப்பாத்து அணிந்து மேடையேறினர். அவர்களுள் 1972இற் புகழடைந்த ஒருவரின் மேடைப்பெயர் 'கரி கிளிற்றர்'. இயற்பெயர் போல் காட். கிளிற்றர் என்பது மினுமினுப்பு எனப் பொருள்படும். அதனை எள்ளி நகையாடும் வகையிற் பிறந்ததே 'லரி லூரெக்ஸ்' என்னும் பெயர். லூரெக்ஸ் என்பது சரிகைபோல மின்னும் உலோகப்பூச்சு நூலின் வணிகப்பெயர். கிளாம் றொக் பாடகர் விரும்பி உடுத்த துணியும் அதுவே. ஆகவே தமிழில் இப்பெயரைச் 'சரிகைச் சாமிநாதன்' என்பதுபோல ஒரு கேலிப் பெயராகவே கொள்ளல் வேண்டும்.

றொக் இசைக்கலைஞர் மாற்றுப்பெயரில் மறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன், 'கிறீம்' குழுவின் 'பட்ஜ்' என்னும் பாடலிற் கிட்டார் வாசித்தபோது ஒப்பந்தத் தடை காரணமாக 'லாஞ்சலோ மிஸ்ரிரியோசோ' என்னும் இத்தாலியப் பெயர் பூண்டார். அதே குழுவின் போல் மக்கார்ட்னி, தம் பெயரின்றியும் தம் பாடல் வெல்லுமா எனச் சோதிக்க விரும்பி, 1966இல் 'பீற்றர், கோர்டன்' என்னும் இருவர் பாடிய 'வுமன்' என்னும் பாடலை 'பேர்னாட் வெப்' என்னும் பெயரில் எழுதிக் கொடுத்தார், பாடல் வென்றது. முதலாவது நிகழ்ச்சியிற் பெயர் ஒரு திரை. இரண்டாவதில் ஓர் உரைகல். லரி லூரெக்ஸிலோ திரையும் நகையும் கலந்திருந்தன. ஆனாலும், எவரும் விரும்பாத வேளையில் அப்பெயரும் ஓர் உரைகல்லாகவே முடிந்தது.

1973ஆம் ஆண்டின் கோடை

ஈ.எம்.ஐ. 2030 என்னும் இலக்கத்துடன் லரி லூரெக்ஸின் தட்டு 1973ஆம் ஆண்டுக் கோடையில் வெளிவந்தது. அதற்குச் சின்னாட்களின் பின், யூலை 6ஆந் திகதி, ஈ.எம்.ஐ. 2036 என்னும் இலக்கத்துடன் குவீன் குழுவின் முதற் சிறுதட்டாகிய 'கீப் யுவர்செல்வ் அலைவ்' வெளிவந்தது. யூலை 13ஆந் திகதி அக்குழுவின் முதல் நெடுந்தட்டும் வந்தது. ஒரே நிறுவனம், ஒரே கோடை, ஒரே குரல். இலக்கங்களுக்கு இடையேயும் ஆறே வேறுபாடு.

விளைவும் ஒன்றே. லரி லூரெக்ஸின் தட்டு விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. குவீன் குழுவின் சிறுதட்டும் இடம்பெறவில்லை. ஒரே குரல் இரு பெயர்களுடன் இரு வாயில்களைத் தட்டிற்று, இரண்டும் திறக்கவில்லை. புகழ்பெற்றோர் வரலாற்றை எழுதுவோர், அவர்தம் உண்மைப் பெயரில் வந்தது வெல்லவும் பொய்ப்பெயரில் வந்தது தோற்கவும் விதிக்கப்பட்டிருந்ததுபோல எழுதுதல் இயல்பு. நிகழ்ந்தது அவ்வாறன்று. வேறுபாடு அதன் பின்னரே தோன்றிற்று. லரி லூரெக்ஸ் இரண்டாவது தட்டு வெளியிடவில்லை, குவீன் வெளியிட்டது. 1974இல் 'செவன் சீஸ் ஒவ் றாய்' என்னும் பாடல் பிரித்தானியப் பட்டியலிற் பத்தாம் இடம் பெற்றது. 1975இல் 'பொஹிமியன் றப்சொடி' ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

மறைந்த பெயரின் பயன்

ஆயின் லரி லூரெக்ஸ் பயனின்றி மறைந்தார் எனல் ஆகாது. 1974 மார்ச்சில் வெளிவந்த 'குவீன் 2' என்னும் நெடுந்தட்டில் 'பனி ஹவ் லவ் இஸ்' என்னும் பாடல் உண்டு. அதனைக் குழுவுடன் சேர்ந்து தயாரித்தவர் அதே றொபின் ஜெப்ரி கேபிள். கையாண்ட முறையும் அதே ஒலிச்சுவர். வேடிக்கைப் பெயரின் மறைவிற் கற்றுக்கொண்ட பாடம், ஓராண்டு கழியுமுன் சொந்தப் பெயரில் அரங்கேறிற்று. பிற்காலத்தில் ஒரு குரலின்மேல் மற்றொரு குரலாக மூவர் குரல்களைப் பலமுறை அடுக்கி, பெருங்கூட்டமொன்று பாடுவதுபோன்ற ஓசையைக் குவீன் குழு எழுப்பியமை யாவரும் அறிந்ததே. கருவிகளால் எழுப்பிய சுவரைக் குரல்களால் எழுப்பிய முயற்சியாக அதனைக் காணலாம்.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கின்றது. முதற் புனைபெயர் ஒருவர் தாம் ஆக விரும்பும் உருவம். அதற்கென ஓர் ஒழுங்கும் பொறுப்பும் விரைவில் வந்துவிடும். 'புதுமைப்பித்தன்' வெண்பா எழுதினால் வாசகர் புருவம் நெரிப்பர். குவீன் குழுவின் பாடகர் பழைய காதற்பாடலைப் பாடினாலும் அவ்வாறே. இரண்டாவது புனைபெயர் அப்பொறுப்பினின்றும் ஒரு நாழிகை விடுதலை அளிக்கின்றது. பயிலவும் விளையாடவும் தோற்கவும் அது இடந்தருகின்றது. தோல்வி அப்பெயருக்கு, கல்வி அப்பெயரை அணிந்தவருக்கு.

பெயரும் மதிப்பீடும்

இக்கதையின் பிற்பகுதியும் சிந்திக்கத்தக்கது. பிரெடி மேர்க்குரியின் புகழ் ஓங்கியபின், லரி லூரெக்ஸ் யார் என்பதும் பரவிற்று. 1973இற் கேட்பாரற்றுக் கிடந்த தட்டைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடலாயினர். 1991 நவெம்பர் 24ஆந் திகதி அவர் மறைந்தபின், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது தனிப்பாடல் தொகுப்பில் இவ்விரு பாடல்களும் இடம்பெற்றன. தட்டிலுள்ள ஒலியோ ஓர் இழையும் மாறவில்லை. மாறியது அதன்மேல் ஒட்டிய பெயரைப் பற்றிய அறிவு ஒன்றே. அங்ஙனமாயின், 1973இல் வாங்காதோர் குரலைக் கேட்டனரா? பின்னர் வாங்கியோர்தாம் குரலைக் கேட்டனரா, அன்றிப் பெயரைக் கேட்டனரா?

பொதுப் பரீட்சை விடைத்தாளில் மாணவர் பெயர் எழுதப்படுவதில்லை. சுட்டெண் மட்டுமே எழுதப்படும். குடும்பமும் ஊரும் பாடசாலையும் மதிப்பிடுவோர் கண்ணை மறைத்தலாகாது என்பதே அதன் நோக்கம். இசைக்கும் இலக்கியத்துக்கும் அத்தகைய சுட்டெண் இல்லை. நம் நாட்டிலேயே எழுபதுகளில் 'பொப்' பாடல்கள் தமிழிற் பரவியபோது, ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடியவற்றை இவை இசையாகுமோ என ஐயுற்றோர் பலர். அவரே பின்னர்த் தமிழகத்திற் 'சிலோன் மனோகர்' எனப் பிறந்த நாட்டின் பெயரையே தம் பெயராகத் தாங்கிப் புகழ் பெற்றார். வந்த திசை பார்த்தும் தாங்கிய பெயர் பார்த்தும் கலையை ஏற்பதும் தள்ளுவதும் எங்கும் உள்ள வழக்கமே. அவ்வழக்கத்தால் இழப்பது கேட்போரேயன்றிப் பாடுவோர் மட்டுமல்லர்.

மேர்க்குரி என்னும் பெயரை அவர் முகமூடியாக அணிந்தார். இருபது ஆண்டு உழைப்பு அதனை முகமாக்கிற்று. லூரெக்ஸ் என்னும் பெயரை ஒரு கோடைக்கு மட்டும் அணிந்தார். அது துணியாகவே கழன்றது. புல்சாரா என்னும் பெயரை அவர் தாம் புகழ்பெற்ற மேடைகளில் அணிந்திலர். எனினும் இலண்டனில் அவரது இறுதிக்கிரியைகள் சரதுஸ்திர சமயக் குருமாரால், அவர்தம் முன்னோர் பாரசீகத்திலிருந்து குஜராத்துக்கும் குஜராத்திலிருந்து சன்சிபாருக்கும் உடன்கொண்டு சென்ற பழைய மந்திரங்களுடனேயே நிறைவேற்றப்பட்டன.